நீரூற்று நகரில் எட்டு நாட்கள்

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்க மண்டபத்தில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த வேளையில், அன்பர் ஒருவர் என்னை நோக்கி, "தாங்கள் இத்தாலிக்குப் போய் வந்தவராயிற்றே! ரோமாபுரி எப்படி இருந்தது? வெனிஸ் எப்படி இருந்தது?" என்று வினவினார்.

"இரண்டையும் நான் பார்க்கவில்லை" என்றேன்.

"பிறகு எட்டு நாட்கள் அங்கே என்னதான் செய்தீர்கள்?"

"ஒரே ஊரில் தங்கியிருந்தோம்."

சுற்றி நின்றவர்கள் நகைத்தனர். அவர்கள் மேல் குற்றமில்லை. கடல் கடந்து அவ்வளவு தொலைவு போனவன் உலகப் புகழ் பெற்ற நகரங்களைப் பாராமல் திரும்பினான் என்றால் நகைக்கத்தானே தோன்றும்? அன்று எச்சில் இலை எடுக்கும் பரபரப்பில் விடை சொல்ல இயலவில்லை. ஆகவே இங்கே எழுதத் துணிந்தேன். முதிய பெற்றோரை அழைத்துக்கொண்டு எங்கேனும் செல்ல விரும்பும் குடும்பத்தினருக்கு இது பயன்பட்டால் மகிழ்வேன்.

முதலில், ஒரு சாதாரண எழுத்தன் இத்தாலிக்குப் போனது எவ்வாறு என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் இந்தக் கரக்பூரில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்தவர். 2006ஆம் ஆண்டில் பணியில் இருக்கும்போதே காலமானார். அப்போது எனக்கு வயது பதினெட்டு, பத்தாவது தேறியிருந்தேன். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தது. படிப்பு அத்துடன் நின்றது. என் தம்பிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவன் படித்தான், நன்றாகவே படித்தான். 2019ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் பொலோனியா நகரில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தான். உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, "அம்மாவை ஒருமுறை இங்கே அழைத்து வாருங்கள், அண்ணே" என்று எழுதினான். அம்மாவைத் தனியே விமானத்தில் அனுப்ப மனம் வரவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்று, வெளிநாடு செல்வதற்கான இலாகா அனுமதியும் பெற்று, மே மாதத்தில் நானும் புறப்பட்டேன். என் மனைவியும் மகளும் கோடை விடுமுறைக்குத் தென்காசிப் பக்கம் சென்றிருந்தனர்.

தம்பி ஒரு திட்டம் அனுப்பியிருந்தான். முதல் நாள் மிலான், அடுத்து வெனிஸ், பின்பு பிளாரன்ஸ், ரோமாபுரி, நேப்பிள்ஸ் என்று எட்டு நாட்களில் ஐந்து நகரங்கள். அதைப் படித்தபோதே எனக்கு மூச்சு வாங்கியது. அம்மாவுக்கு அப்போது அறுபது வயது. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். ஐந்து ஊர்களில் ஐந்து விடுதிகள் என்றால், ஐந்து முறை மூட்டை கட்ட வேண்டும். ஐந்து முறை படியேற வேண்டும். ஐந்து அந்நியமான குளியலறைகளில் வழுக்காமல் நடக்க வேண்டும்.

எனக்கு இத்தாலிய மொழி தெரியாது. கலை, வரலாறு எதுவும் தெரியாது. ஆனால் ரயில் கால அட்டவணை எந்த நாட்டினதாயினும் எனக்குப் புரியும். இரண்டு இரவுகள் அமர்ந்து அந்நாட்டு அட்டவணையை ஆராய்ந்தேன். பிளாரன்ஸ் நகரிலிருந்து மேற்கே கடற்கரை நோக்கிச் செல்லும் கிளைப் பாதை ஒன்று உண்டு. பிராத்தோ, பிஸ்தோயா, லூக்கா என்னும் ஊர்கள் அதன்மேல் மணிமாலை போல் கோக்கப்பட்டிருக்கின்றன. அந்த மாலையின் ஏறத்தாழ நடுவிலே மோன்டெகாத்தினி தெர்மே என்றொரு சிற்றூர். "தெர்மே" என்றால் வெந்நீர் ஊற்று, குளியல் மாளிகை என்று பொருள். ஒருபுறம் பிளாரன்ஸ் ஏறத்தாழ ஒரு மணி நேரம். மறுபுறம் லூக்கா அரை மணி நேரம். லூக்காவில் வண்டி மாறினால் பைசா. இந்த ஊரில் ஒரு வீட்டை எடுத்துத் தங்கி, ஒரு நாள் வெளியே சென்று வருவது, மறுநாள் வீட்டிலேயே ஓய்ந்திருப்பது என்பது என் திட்டம்.

தம்பிக்கு அது பிடிக்கவில்லை. "இத்தாலிக்கு வந்து வெனிஸ் பார்க்காமல் போவதா?" என்று தொலைபேசியில் சினந்தான். இறுதியில், "உங்கள் விருப்பம்" என்று விட்டுவிட்டான். அந்தச் சொல்லில் இருந்த வருத்தத்தை நான் கவனியாதவன் போல் இருந்துவிட்டேன்.

ஊரும் வீடும்

மோன்டெகாத்தினி, டஸ்கனி மாநிலத்தில் பிஸ்தோயாவுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அமைந்திருக்கிறது. அதன் ஊற்று நீரின் குணத்தைப் பழங்காலம் தொட்டே மக்கள் அறிந்திருந்தனர். ஆயினும், நகரமாக அதை உருவாக்கியவர் டஸ்கனியை 1765 முதல் 1790 வரை ஆண்ட பெருங்கோமகன் லியோபோல்டு ஆவார். சதுப்பு நிலத்தை வடித்து, சாலை போட்டு, குளியல் மாளிகைகளை எழுப்பினார். பின்னர் ஐரோப்பாவின் செல்வரும் கலைஞரும் கோடைதோறும் அங்கே வரலாயினர். இசைநாடக மேதை வெர்டி முதுமையில் ஆண்டுதோறும் வந்து தங்கினார். உலகப் புகழ் பெற்ற ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் 1957இல் உயிர் நீத்ததும் அந்த ஊரிலேதான்.

இன்று அந்தப் பெருமிதம் சற்றே மங்கியிருக்கிறது. அரசு மருத்துவச் செலவில் நீர் மருத்துவம் பெற வந்த கூட்டம் குறைந்தது. நாங்கள் சென்றபோது சில குளியல் மாளிகைகள் பூட்டிக் கிடந்தன. லியோபோல்டு கட்டிய ஒரு மாளிகையில் புதுப்பிக்கும் வேலை பாதியில் நின்று, தகரத் தடுப்பு கட்டியிருந்தது. ஆனால் கூட்டத்துக்கென்று கட்டிய விடுதிகள் இருநூறு அளவில் இருக்கின்றன. ஆகையால் பிளாரன்ஸில் ஓர் இரவுக்குக் கொடுக்கும் வாடகையில் இங்கே இரண்டு மூன்று இரவு தங்கலாம். ஓர் ஊரின் இறங்குமுகம் எங்களைப் போன்ற எளியவருக்கு ஏறுமுகமாயிற்று.

பொலோனியாவில் விமானம் இறங்கி, தம்பியோடு மலையைத் துளைத்துச் செல்லும் ரயிலில் பிளாரன்ஸ் வந்து, அங்கு வண்டி மாறி, பிற்பகலில் ஊர் சேர்ந்தோம். நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் வீடு, தரைத்தளம், ஓர் அறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. வீட்டுக்காரியான மூதாட்டி மாடியில் குடியிருந்தார். அம்மா முதலில் பார்த்தது படுக்கையை அன்று, அடுப்பைத்தான். அன்றிரவே பெட்டியிலிருந்து பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் வெளிப்பட்டன. அந்நாட்டு அரிசி பருமனானது. எவ்வளவு கவனித்து வடித்தாலும் குழைந்துவிடும். எனினும் இரசம் கொதித்த வாசனை எழுந்ததும் அந்த வீடு எங்கள் வீடாகிவிட்டது.

டஸ்கனி மக்கள் ரொட்டியில் உப்புப் போடுவதில்லை. அம்மா ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், இவர்கள் அதைக் காசுக்கு விற்கிறார்களே!" என்றார். மறுநாள் அதே ரொட்டியை ஊறுகாயுடன் தின்று, "இதற்குத்தான் உப்புப் போடவில்லை போலிருக்கிறது" என்று தீர்ப்பை மாற்றினார்.

குடிக்கும் தீர்த்தம்

அம்மா பிறந்தது தென்காசிக்கு அருகே ஒரு கிராமத்தில். நீரூற்று நகர் என்று நான் சொன்னதும், குற்றாலத்தைப் போல் தலையில் கொட்டும், முழங்கால் வலி பறந்துவிடும் என்று நம்பி வந்திருந்தார். மாற்றுச் சேலையையும் துண்டையும் எடுத்துக்கொண்டு இரண்டாம் நாள் காலையில் தெத்தூச்சியோ என்னும் மாளிகைக்கு வந்தார்.

அதை மாளிகை என்பதைவிடக் கோயில் என்பதே பொருந்தும். 1920களில் இன்றைய உருவில் எடுத்துக் கட்டப்பட்டது. நெடிய தூண்கள், வட்டமான மண்டபங்கள், சலவைக்கல் மேடைகள், மேடைகளில் குழாய்கள், அவற்றின் பின்னே சுவர் நிறைய வண்ண ஓட்டுச் சித்திரங்கள்! ஆனால் ஒருவரும் குளிக்கவில்லை. கையில் கண்ணாடிக் குவளை ஏந்தி, நீரைக் குடித்துவிட்டுத் தோட்டத்தில் மெல்ல உலாவிக்கொண்டிருந்தார்கள். வெவ்வேறு ஊற்றுகளுக்கு வெவ்வேறு பெயர், வெவ்வேறு வன்மை. வெறும் வயிற்றில் மருத்துவர் சொன்ன அளவு குடிக்க வேண்டும். குடல், கல்லீரல் முதலிய உறுப்புகளுக்கு நல்லது என்கிறார்கள்.

இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்பவராகையால் அம்மா கால் குவளையோடு நிறுத்திக்கொண்டார். வெதுவெதுப்பும் உப்புமாக இருந்தது. "ரொட்டியில் போடாத உப்பையெல்லாம் இதில் கொட்டிவிட்டார்கள்" என்றார். மூட்டு வலிக்குச் சேற்றுப் பற்று இடுவதும் அந்நகரத்து மருத்துவத்தில் உண்டு. கட்டணத்தைக் கேட்டதும், "குற்றாலத்தில் காசு கேட்காமல் கொட்டுகிறது, ஏய்யா, வா போவோம்" என்று எழுந்துவிட்டார். ஆயினும் உடனே போகவில்லை. மர நிழலில் நாற்காலிகள் இருந்தன. முதியவர்கள் பலர் அமர்ந்திருந்தனர். ஒருவரும் எவரையும் அவசரப்படுத்தவில்லை. அம்மா இரண்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தார். மெதுவாக நடப்பவர்களுக்கென்றே கட்டிய ஊர் அது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடைபாதை அகலம், ஏற்றம் இறக்கம் இல்லை, சிறிது தொலைவுக்கு ஒரு பலகை.

மதில்மேல் பிரகாரம்

மூன்றாம் நாள் லூக்கா சென்றோம். லூக்கா நகரைச் சுற்றி நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேலான நீளத்தில் ஒரு மதில் நிற்கிறது. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் கட்டிய அந்த மதிலைப் பகைவர் தாக்கியதில்லை என்றே சொல்லலாம். போருக்கென்று கட்டியதை ஊரார் பின்னர் உலாவும் சாலையாக ஆக்கிக்கொண்டார்கள். மதிலின்மேல் இருபுறமும் மரங்கள். நடுவே தேர் ஓடும் அளவுக்கு அகலமான பாதை. குழந்தைகள் மிதிவண்டி ஓட்டுகிறார்கள். ஒருபக்கம் ஓட்டுக் கூரைகள், மறுபக்கம் மலைகள்.

அம்மா ஏறியதும் செருப்பைக் கழற்றப் போனார். "இது கோயில் இல்லை, அம்மா" என்றான் தம்பி. "மதில் இருக்கு, பிரகாரம் இருக்கு, சாமி எங்கேயாவது இருக்கும்" என்றார் அம்மா. கால்பங்கு தூரம்தான் நடந்திருப்பார். ஆனால் அமர்ந்து அமர்ந்து, மனநிறைவோடு நடந்தார்.

திரும்பும் வழியில் எனக்கு நேர்ந்த அவமானத்தையும் சொல்ல வேண்டும். அங்கே உள்ளூர் வண்டிக்குத் தாள் சீட்டு வாங்கினால் மட்டும் போதாது. நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் அதை நுழைத்து நாளும் நேரமும் பதித்துக்கொண்டே ஏற வேண்டும். போகும்போது தம்பி பதித்தான். வரும்போது சீட்டுகள் என்னிடம் இருந்தன, நான் மறந்தேன். பரிசோதகர் வந்தார்; இளம்பெண். தம்பி எவ்வளவோ மன்றாடினான். அவர் சிரித்த முகத்துடனே அபராதம் எழுதினார். நாள்தோறும் சீட்டுக் கணக்கைச் சரிபார்ப்பவன் நான்! அவரிடம் குறை காண எனக்கு வாய் இல்லை. "ரயிலில் சம்பாதித்ததை ரயிலுக்கே கொடுத்தாய், போ" என்று அம்மா தேற்றினார்.

கரக்பூர் நடைமேடையும் மலை ரயிலும்

நான்காம் நாள் ஓய்வு. ஆனால் மாலையில், ஊருக்குப் பின்னே குன்றின்மேல் உள்ள பழைய ஊருக்குப் போனோம். மேலே ஏற ஒரு கம்பிவட ரயில் இருக்கிறது. 1898 ஜூன் மாதம் தொடங்கியது. தொடக்க விழாவில் வெர்டியும் கலந்துகொண்டாராம். சிவப்பு நிறத்தில் இரண்டே பெட்டிகள். ஒன்றின் பெயர் ஜீஜோ, மற்றொன்றின் பெயர் ஜீஜா. அண்ணன் தங்கை போலும்! இரண்டும் ஒரே வடத்தின் இரு முனைகளில் கட்டுண்டவை. ஒன்று இறங்கும்போது அதன் எடை மற்றொன்றை மேலே இழுக்க உதவுகிறது. பாதை ஒன்றே, நடுவழியில் மட்டும் இரண்டாகப் பிரிந்து, இரண்டும் ஒன்றையொன்று கடந்தபின் மீண்டும் ஒன்றாகிவிடுகிறது.

அதன் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். நம் கரக்பூர் நடைமேடையின் நீளமோ 1,072 மீட்டர்! உலகிலேயே நீளமானது என்று நெடுங்காலம் நாம் மார்தட்டிய அந்த நடைமேடையை 2013இல் கோரக்பூரும் 2023இல் ஹூப்ளியும் முந்திவிட்டன. அது வேறு கதை. "நம் நடைமேடையைத் தூக்கி மலைமேல் சாய்த்து வைத்தது போல" என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் வெளிப்புறப் பலகணியில் கம்பியைப் பிடித்து நின்று, எதிரே வந்த பெட்டியிலிருந்தோர்க்குக் கையசைத்தார். தந்தையார் இருந்தபோது கூட அவர் அவ்வாறு கையசைத்து நான் பார்த்ததில்லை.

மேலே சிறு சதுக்கத்தில் அமர்ந்து, அந்த ஊரின் தனிப்பண்டமான வட்ட அப்பம் வாங்கினோம். நம் அப்பளம் போல் மெல்லிய இரண்டு தகடுகள். இடையே வாதுமையும் சர்க்கரையும். கீழே சமவெளி முழுவதும் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாய்ந்த கோபுரம்

ஐந்தாம் நாள் பைசா. லூக்காவில் வண்டி மாறி, பெரிய நிலையத்துக்குப் போகாமல் சான் ரொஸ்ஸோரே என்னும் சிறு நிலையத்தில் இறங்கினால் கோபுரம் நடை தூரத்தில் இருக்கிறது. 1173இல் கட்டத் தொடங்கியது. சில அடுக்குகள் எழும்புமுன்னே மென்மையான மண்ணில் அடித்தளம் அமிழ்ந்து சாய்ந்தது. விழுந்துவிடுமோ என்று அஞ்சி 1990இல் மூடினார்கள். உயர்ந்து நின்ற பக்கத்தின் அடியிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக உறிஞ்சி எடுத்து, உச்சியை ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் பின்னுக்குக் கொண்டுவந்து, 2001 டிசம்பரில் மீண்டும் திறந்தார்கள். அதற்கு மேல் நிமிர்த்த முயலவில்லை.

இதைத் தம்பி விளக்கியபோது அம்மா, "நம்ம டாக்டர் என் முட்டியைப் பற்றிச் சொன்னதும் இதுதான். நேராக்க முடியாது, மேலே சாயாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்" என்றார். மூவரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

அன்றிரவுதான் தம்பிக்கும் எனக்கும் சொற்போர் மூண்டது. அம்மா உறங்கிவிட்டார் என்று எண்ணிக் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தோம். மறுநாள் அதிகாலை புறப்பட்டால் இரவுக்குள் வெனிஸ் போய்த் திரும்பலாம் என்றான். போக மூன்று மணி நேரத்துக்கு மேல், வர அவ்வளவு. நான் மறுத்தேன். "உங்களுக்கு அட்டவணைதான் பெரிது. அம்மா இனி எப்போது வரப் போகிறார்கள்? நான் ஆசையாசையாய்ச் சேர்த்த காசு, அண்ணே" என்றான். குரல் உடைந்தது.

நான் விடை சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் உண்டு. அம்மாவின் முழங்காலுக்காகத்தான் இந்தத் திட்டம் என்று நான் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். அது மெய்தான், ஆனால் முழு மெய்யன்று. படித்தவன் அவன், சம்பாதித்தவன் அவன், மொழி அறிந்தவன் அவன். பத்தாவது படித்த அண்ணனுக்கு அந்தப் பிரயாணத்தில் தன்னுடையதென்று ஏதேனும் ஒன்று வேண்டியிருந்தது. அந்த ஆசையும் அட்டவணைக்குள் ஒளிந்திருந்தது.

உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வெனிஸ் எங்கேயும் ஓடிப் போகாது. நாளைக்கு இரண்டு பேருமாகப் பக்கத்தில் எங்கேயாவது கூட்டிப் போங்கள். இப்போது படுங்கள்."

ஓய்வு நாளில் ஒரு பிரயாணம்

ஆறாம் நாள் ஓய்ந்திருக்க வேண்டிய நாள். சமாதானத்துக்காகப் பிளாரன்ஸ் சென்றோம். பேராலயத்தின் குவிமாடத்தை எதிரே அமர்ந்து பார்த்தோம். புருனெல்லெஸ்கி என்னும் சிற்பி 1420இல் தொடங்கி 1436இல் முடித்தது. தரையிலிருந்து சாரத் தாங்கல் கொடுக்காமல், செங்கல்லைச் செங்கல்லே தாங்குமாறு அடுக்கி எழுப்பியது. பழைய பாலத்தின்மேல் இருபுறமும் நகைக் கடைகள். முன்பு அங்கே இறைச்சிக் கடைகள் இருந்தனவென்றும், 1593இல் கோமகன் அவற்றை அகற்றிப் பொற்கொல்லரைக் குடியேற்றினார் என்றும் தம்பி சொன்னான். அம்மா ஒவ்வொரு கடையாகப் பார்த்து, "செய்கூலி எவ்வளவு இருக்கும்?" என்றார். கூட்டம் தாங்க முடியவில்லை. பிற்பகலில் அம்மாவின் முகம் வாடிவிட்டது.

கிடைத்த வண்டியில் ஏறினோம். அட்டவணையின் அடிக்குறிப்பை நான் சரியாகப் படிக்கவில்லை. அந்த வண்டி பிஸ்தோயாவுடன் நின்றுவிட்டது. அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. நிலையத்தில் வெறுமனே காத்திராமல், உள்ளூர்ப் பேருந்தில் பழைய ஊருக்குள் சென்றோம்.

அங்கே செப்போ என்னும் பழைய மருத்துவமனை இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் தோன்றி 2013 வரை நோயாளிகளைப் பேணியது. அதன் முகப்புத் தாழ்வாரத்துக்கு மேலே, வளைவுகளின் உச்சியில், நீளநெடுகச் சுட்ட மண்ணில் செய்து வண்ணமும் மெருகும் ஏற்றிய சிற்பப் பலகைகள் வரிசையாக இருக்கின்றன. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சீட்டு வேண்டியதில்லை, தெருவில் நின்றே பார்க்கலாம். ஆடையற்றவர்க்கு ஆடை, வழிப்போக்கர்க்கு இடம், நோயாளிக்குப் பணிவிடை, சிறையிலிருப்போர்க்கு ஆறுதல், இறந்தவர்க்கு அடக்கம், பசித்தவர்க்கு உணவு, தாகித்தவர்க்குத் தண்ணீர் என ஏழு அறங்கள். இவற்றுள் தண்ணீர்ப் பலகை மட்டும் பல ஆண்டுகளுக்குப் பின் வேறொருவர் செய்தது.

எதிரே ஓரிடத்தில் அம்மா அமர்ந்தார். தம்பி ஒவ்வொன்றாகப் பொருள் சொன்னான். கடைசிப் பலகைக்கு வந்ததும், "தண்ணீர் கொடுப்பது" என்றான். அம்மா நெடுநேரம் அதையே நோக்கியிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"உங்க அப்பா கடைசியில் தண்ணீர் கேட்டார். கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். இவன் அடுத்த வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். அங்கே வேலை பார்த்த ஓர் ஆள், வங்காளி, பேர்கூடத் தெரியாது. பஞ்சை நனைத்து அவர் உதட்டில் வைத்தார். பிறகு என் கையில் கொடுத்து, நீங்கள் வையுங்கள் அம்மா என்று சைகை காட்டினார். நான் வைத்தேன். அப்புறம் அவர் கேட்கவில்லை."

பதின்மூன்று ஆண்டுகளாக அம்மா அந்த இரவைப் பற்றி எங்களிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. தாமதமாக வந்தேனே என்ற குறையை நானும், ஒன்றும் அறியாமல் உறங்கினேனே என்ற குறையை அவனும் தனித்தனியே சுமந்து வந்திருக்கிறோம் என்பது அன்றுதான் ஒருவருக்கொருவர் தெரிந்தது. தம்பி அம்மாவின் காலடியில் தரையில் அமர்ந்தான். அந்த வண்டியையும் நாங்கள் தவறவிட்டோம். அதற்கடுத்த வண்டியில் ஊர் திரும்பினோம். அதன்பின் வெனிஸ் என்ற பேச்சு எழவில்லை.

விடை பெறுதல்

ஏழாம் நாள் அம்மா வெளியே அடி வைக்கவில்லை. தம்பி மட்டும் பேருந்தில் அருகிலுள்ள கொல்லோதி என்னும் சிற்றூருக்குப் போய், என் மகளுக்கென்று மூக்கு நீண்ட மரப்பொம்மை ஒன்று வாங்கி வந்தான். பினோக்கியோ கதையை எழுதியவர் பிளாரன்ஸில் பிறந்தவர்; ஆனால் தம் தாய் பிறந்த ஊரான கொல்லோதியின் பெயரையே புனைபெயராகக் கொண்டார். பிழைக்க வந்த ஊரில் வாழ்ந்துகொண்டு, தாயின் ஊரைப் பெயருக்கு முன்னே எழுத்தாக வைத்திருக்கும் நமக்கு இது புதிதன்று.

வீட்டுக்கார மூதாட்டி அன்று மாலை கீழே வந்தார். அம்மாவின் முழங்காலைச் சுட்டித் தம் முழங்காலையும் சுட்டிக் காட்டினார். இருவருக்கும் ஒரே நோய்! அம்மா தம்மிடமிருந்த தைலத்தை அவருக்குத் தேய்த்துவிட்டார். அவர் மறுநாள் காலை, நாங்கள் புறப்படும்போது, தோட்டத்து எலுமிச்சம் பழங்கள் நான்கைக் காகிதத்தில் பொதிந்து கொடுத்தார். ஒரு நாள் தங்கிப் போகும் விருந்தினருக்கு எவரும் எலுமிச்சை பறித்துக் கொடுப்பதில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு கொள்ளைநோய் வந்து உலகமே கதவடைத்தது. 2021இல் ஐரோப்பாவின் பெரும் நீரூற்று நகரங்கள் பதினொன்றை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, இத்தாலியிலிருந்து அவ்வரிசையில் இடம்பெற்ற ஒரே ஊர் மோன்டெகாத்தினிதான் என்று தம்பி எழுதினான். கடிதத்தின் முடிவில், "நம் ஊர்" என்று குறித்திருந்தான். இப்போது அம்மாவால் வாசற்படியைத் தாண்டுவதும் அரிது. வெனிஸைப் பற்றி அவர் கேட்பதில்லை. ஆனால் மழைக்கால மாலைகளில், "அந்தச் சிவப்பு வண்டி இப்போது ஓடுமா?" என்று கேட்பதுண்டு.

வெனிஸைக் காட்ட முடியவில்லையே என்ற குறை தம்பிக்கு இன்னும் சிறிது உண்டு, எனக்கும் உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை. முதியவரை அழைத்துச் செல்லும் அன்பர்களுக்கு என் சிற்றறிவில் பட்டது இதுதான்: பெரிய நகரத்தை விட்டு, ரயில் பாதையில் நடுவே உள்ள சிற்றூர் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அடுப்பும் தரைத்தளமும் உள்ள வீடாகப் பாருங்கள். ஒரு நாள் வெளியே சென்றால் மறுநாளை ஓய்வுக்கு விடுங்கள். சீட்டில் முத்திரை பதிக்க மறவாதீர்கள். அட்டவணையின் அடிக்குறிப்பை மட்டும் என்னைப் போல் ஒருமுறை தவறாகப் படித்தாலும் பாதகமில்லை.